கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சார் காலமான அன்று வாசலில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் இருந்தால் நியாயம்தான்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் தேசிய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு இந்த வருடம் பொன்விழா. நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் வேலையை, ஓய்வு பெற்று வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் அத்தியாயம் முழுக்க முதல் இயக்குநரான நம் சாரைப் பற்றியது. அந்த மொட்டை மலையில் அவர் பழங்காலச் சிப்பி உறைந்த கல்லைப் பிளந்தது, அந்தச் சிப்பியின் காலத்தை வைத்து மலைக்கு அடியில் நிலக்கரி இருக்கும் என்று சொன்னது, சொன்ன இடத்தில் துளை போட்டதும் நிலக்கரி வந்தது, அதைப் பார்த்த பிறகே இப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. எல்லாம் எழுதிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன்.

அந்தக் கல் இரண்டாகப் பிளந்தது உங்களுக்குத் தெரியும். சிப்பி ஒட்டிக்கொண்ட பாதி நிறுவனத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் அச்சு பதிந்த மறுபாதியைச் சார் வீட்டுக்குக் கொண்டுபோனார். அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா? சில வாரங்களுக்கு எங்களுக்குத் தேவைப்படுகிறது. பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

மகளையும் பேரப்பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தொல்லுயிர்ப் பிரிவில் இருந்த,
தங்கள் அன்புள்ள தங்கை


பிப்ரவரி 11

டாக்டரம்மாவுக்கு,

அக்கா என்று யாரைக் கூப்பிடுகிறீர்கள்? என் கூடப் பிறந்தவர்கள் எல்லாம் தம்பிகள். எனக்குத் தங்கை கிடையாது.

நகலைப் படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன். உங்கள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. என் பெயரைக் காணோம். சரி, என் பெயர் எதற்கு, நான் என்ன கல்லா உடைத்தேன்? ஆனால் 'தொடக்கத்தில் நிறுவனம் ஒரு வாடகை வீட்டில் இயங்கியது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார் குடியிருந்த வீடு? அரசாங்கம் உத்தரவைக் கொடுத்தது, கட்டடத்தைக் கொடுக்க மறந்துவிட்டது. என் முன்னறைதான் உங்கள் தேசிய நிறுவனம். என் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தீர்கள், நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் இரும்பு உரலில் தாதுக்கல்லை இடித்தீர்கள், அதற்குப் பிறகு அதில் மிளகு இடித்தால் பல்லில் மண் கடித்தது. மாவு சலிக்கும் சல்லடையில் சேற்றைச் சலித்த புண்ணியவதி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'மாதிரிகள் துணிப்பைகளில் சேகரிக்கப்பட்டன.' இதுவும் உங்கள் வரிதான். பைகள் தாமாகவே தைத்துக்கொண்டனவா? பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தையல் இயந்திரத்தை மிதித்தவள் ஒருத்தி இருந்தாள். நாட்டில் உள்ள மலையெல்லாம் என் படுக்கை விரிப்புக்குள் தூங்கித்தான் உங்கள் கிடங்குக்கு வந்தது.

கல் இருக்கிறது. சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டு, வைத்த இடத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

அதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவருடைய பகலை முழுக்க நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். மழைக்காலம் போக மிச்ச மாதமெல்லாம் முகாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மிஞ்சியதுதான் எனக்கு. அந்த மிச்சத்திலும் பங்கா? தர மாட்டேன்.

அவர் மனைவி


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் எனக்கு வேறு விதமாகக் கூப்பிட வரவில்லை.

வீட்டையும் உரலையும் பைகளையும் நான் விட்டது தப்பு. சேர்த்துவிடுகிறேன். ஆனால் சேர்ப்பதற்கு அந்த அத்தியாயம் இருக்க வேண்டுமே. முதல் கடிதத்தில் உங்கள் மனம் நோகக் கூடாது என்று ஒன்றை மறைத்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று ஒரு கட்டுரை போட்டிருக்கிறது. அந்த வகைச் சிப்பி நம் மலையில் கிடைத்திருக்கவே முடியாதாம். சார் அதை யாரோ ஒரு கல் வியாபாரியிடம் வாங்கி, மலையில் எடுத்ததாகச் சொல்லிவிட்டாராம். நிலக்கரி வந்தது குருட்டு அதிர்ஷ்டமாம். சார் இல்லை, பதில் சொல்ல. இப்போதைய இயக்குநர் சண்டைக்குப் பயப்படுகிறவர். சட்டை கசங்கினால்கூட அன்றைக்கு வேலை ஓடாது அவருக்கு. என்னைக் கூப்பிட்டு, "மேடம், சந்தேகம் இருக்கிற பக்கத்தை எடுத்துடலாம். நம்ம வரலாறு ரெண்டாவது இயக்குநர்ல இருந்து ஆரம்பிக்கட்டும். யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

அந்தக் குழுவின் வாயை அடைக்க ஒரே வழிதான் இருக்கிறது. கல்லில் ஒட்டியிருக்கும் பழைய களிமண்ணில் அந்தக் காலத்து மகரந்தத் தூள் இருக்கும். மலையில் போட்ட துளையிலிருந்து எடுத்த மண் நம் கிடங்கில் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் போதும். ஆனால் நிறுவனத்தில் உள்ள பாதியில் களிமண் ஒரு துளிகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஊசியாலும் தூரிகையாலும் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். எடுத்தவள் நான்தான். உங்கள் பாதியை யாரும் தொடவில்லை. அதன் முதுகில் வெள்ளைப் பூச்சின்மேல் நான் கறுப்பு மையில் எழுதிய மாதிரி எண்ணும் இருக்கும். அதுவும் சாட்சி.

பகலை நான் வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் கல்லைப் பற்றி. ஒருமுறை காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருந்தேன். கூடாரத்து வாசலில் வந்து நின்று, "ஸ்லைடு எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார். அதுதான் அவர் நலம் விசாரித்த விதம். அந்தப் பகல் வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

தங்கை


மார்ச் 2

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் எழுதிய எண் இல்லை. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்து அழித்துவிட்டேன். இன்றைக்கு நேற்றைக்கு இல்லை, அவர் கல்லைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த வாரமே. புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்த பொருளின் முதுகில் இன்னொருத்தியின் கையெழுத்து எதற்கு? மற்றபடி உங்கள் களிமண் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் விரல்கூட விட்டதில்லை.

அவரைத் திருடன் மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று படித்ததும் உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன், பிறகு எடுத்து நீவி மறுபடியும் படித்தேன். அதற்காகக் கல்லைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அத்தியாயம் போனால் அவர் பெயர் போகும். அதோடு உங்கள் பெயரும் போகும். 'இவர் கண்டெடுத்தார், இவர் இனங்கண்டார்' என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டிருக்கிறீர்களே, அது அச்சாகாது. மறைப்பானேன், நேற்று அதை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் படத்துக்கு முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அப்படியும் சந்தோஷம் முழுசாகப் போகவில்லை.

உங்களுக்கென்ன தெரியும்? முகாமிலிருந்து வாராவாரம் எனக்குக் கடிதம் போடுவார். அடுப்பை அணைத்துவிட்டு உறையைப் பிரிப்பேன். உள்ளே பார்த்தால் நீங்கள். 'பூதக்கண்ணாடி இன்று ஒன்று கண்டுபிடித்துவிட்டது.' 'பூதக்கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் இன்று ஏமாந்திருப்போம்.' உங்களுக்குச் செல்லப்பெயர் வேறு! மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதினேன். பதிலில் அதற்கு இரண்டு வரி, உங்களுக்கு இரண்டு பக்கம்.

கடைசியில் கல்லைப் பங்கு பிரித்த அழகைப் பாருங்கள். உங்களுக்குச் சிப்பி. எனக்கு, சிப்பி இருந்த பள்ளம்.

அவர் மனைவி


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நீங்கள் நிறுவனத்துக்கு வந்தீர்களாமே. அருங்காட்சியகக் காவலாளி சொன்னார்: "ஒரு அம்மா பெரிய பையோட வந்தாங்க. சிப்பிப் பெட்டிக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. உங்களைக் கூப்பிடவான்னு கேட்டேன். மேல பாத்தாங்க, பட்டுன்னு கிளம்பிட்டாங்க. பை நல்ல கனம். தூக்கலாம்னு போனேன், தொட விடல."

பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஏன் திரும்பிப் போனீர்கள் என்று மட்டும் தெரியவில்லை. நான் மாடியில்தான் புத்தக வேலையாக உட்கார்ந்திருந்தேன்.

பங்கு பிரித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல் பிளந்தபோது சிப்பியின் மேல்தோல் முழுக்க உங்கள் பாதியோடு போய்விட்டது. நுணுக்கமான கோடுகளும் முடிச்சுகளும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு அதுதான் உசத்தி. என்னிடம் இருப்பது தோல் உரிந்த வெறும் உடம்பு. பள்ளம் உள்ள பாதியைக் கொண்டுபோகாதீர்கள் சார் என்று மலையிலேயே சண்டை போட்டேன். "அது வீட்டுக்கு" என்றார். ஒரே வார்த்தை. சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், என் பாதியை உங்கள் பாதியைவிட அழகாக்கிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்து சுரண்டினேன். சுரண்டியதன் பலனைத்தான் இன்று அனுபவிக்கிறேன்.

கடிதங்களைப் பற்றி ஒன்று. சாயங்காலம் ஆனால் லாந்தரை இழுத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்காருவார். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. நானும் சமையல்காரரும் வெளியே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே அவர் என்னைப் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தார் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. என் முகத்துக்கு நேரே ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பூதக்கண்ணாடி என்றும் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரையே உங்கள் கடிதத்தில்தான் முதலில் பார்க்கிறேன்.

எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதில் யார் யாரைப் பார்த்து வயிறெரிவது?

தங்கை


மார்ச் 23

டாக்டரம்மாவுக்கு,

வந்தேன். கொடுக்கத்தான் வந்தேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கால் மரத்துப்போனது.

பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்கள். அவரும் நீங்களும் நிற்கிற படம். எங்கள் கல்யாணப் படத்தில் மனுஷன் கம்பத்தைப் போல விறைத்துக்கொண்டு நிற்கிறார். மகள் கல்யாணத்தில் படம் எடுத்தவர் சிரிங்க சார், சிரிங்க சார் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. அதைப் பார்த்த பிறகு உங்களைக் கூப்பிட்டு, இந்தாருங்கள் கல் என்று நீட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

மகள் திட்டுகிறாள். "அப்பா பேரே போகப்போகுது, நீ அவர் யார்கிட்ட சிரிச்சார்னு பாத்துட்டு இருக்க" என்றாள். பார்க்கத்தான் செய்வேன். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததாக ஒரு படம் காட்டட்டும், நிறுத்திவிடுகிறேன்.

கல் மறுபடியும் கதவடியில்தான் இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

அவர் மனைவி


மார்ச் 25

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் கீழே போய் அந்தப் படத்தை இறக்கினேன். முகங்களைத் தவிர அதில் எதையும் நான் பார்த்ததில்லை, நீங்களும் அப்படித்தான் போலிருக்கிறது. நாங்கள் நிற்பது மலையில் இல்லை. உங்கள் வீட்டு முற்றம். பின்னால் சுவரோரம் குவித்திருப்பது நீங்கள் தைத்த பைகள். என் கையில் இருப்பது உங்கள் மாவுச் சல்லடை.

சட்டத்தைக் கழற்றினேன். அது படத்தின் அடிப்பகுதியை மறைத்திருந்தது. அங்கே தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, அக்கா. தலையில் கொண்டை. இரண்டு முழங்கையும் வெளியே நீட்டிக்கொண்டு, கையை முகத்தருகே வைத்திருக்கிற நிழல். அதன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி நிழல்.

இப்போது நினைவு வருகிறதா? நிறுவனத்துக்குக் கேமரா வந்த அன்று யாருக்கும் அதை இயக்கத் தெரியவில்லை. சமையல் கையோடு வெளியே வந்து, கொடுங்கள் நான் எடுக்கிறேன் என்று வாங்கினீர்கள். "யாரும் அசையாதீங்க" என்று எங்களை அதட்டினீர்கள். காலடியில் குழந்தை இழுத்ததில் நீங்களே தள்ளாடினீர்கள். சார் சிரித்துவிட்டார்.

அவர் என் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். பார்ப்பது என்னை இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியவள் நான். அதற்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டியவளும் நான்தான். நிழலை வேண்டுமென்றே மறைத்தேனா, சட்டம் அவ்வளவுதான் இருந்ததா, எனக்கே தெரியவில்லை.

சட்டம் இல்லாத படத்தை அப்படியே இதோடு அனுப்புகிறேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கல்லைக் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 28

டாக்டரம்மாவுக்கு,

மகள் இந்தக் கடிதத்தோடு கல்லையும் கொண்டுவருகிறாள். கையோடு கையாக வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்புத் துணியில் பை தைத்துப் போட்டிருக்கிறேன். தையல் கோணலாக இருக்கிறது, இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்லை உங்களுக்குக் கொடுக்கவில்லை, நிறுவனத்துக்கு இரவல். களிமண்ணை எடுக்கிறேன் என்று பள்ளத்தைச் சுரண்டி அழகாக்கக் கூடாது. ஒரு மூலையில் கிள்ளிக்கொள்ளுங்கள், போதும். முதல் வரியில் என் வீடு வர வேண்டும். பைகளைத் தைத்தவள் யாரென்றும் வர வேண்டும்.

படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அக்கா என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கூப்பிட்டுத் தொலையுங்கள்.

அவர் மனைவி


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றுதான். அதே மலை, அதே மண், அதே மகரந்தம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன், பக்கத்தில் இருந்த பையன்கள் பயந்துவிட்டார்கள். நம்ப மாட்டேன் என்று இருந்த அந்த வெளிநாட்டுக் குழுவும் படங்களைப் பார்த்துவிட்டு, சந்தேகத்தை விலக்கிக்கொள்வதாக எழுதிவிட்டது. இதற்காகத்தான் அச்சகத்தை இத்தனை நாள் காக்க வைத்தேன். இயக்குநர் இப்போது, முதல் அத்தியாயத்தை எடுக்கவே கூடாது என்று முதலிலிருந்தே தான் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

புத்தகம் அனுப்பியிருக்கிறேன். முதல் வரியைப் பாருங்கள்: 'இந்த நிறுவனம் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது.' அந்தப் படமும் இருக்கிறது, நிழலோடு. 'படத்தை எடுத்தவர், பின்னால் தெரியும் பைகளைத் தைத்தவர்' என்று அதன் அடியில் உங்கள் பெயர்.

இயக்குநருக்கு ஓர் ஆசை. இரண்டு பாதியையும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். இரவல் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தங்கை


மே 14

பூதக்கண்ணாடிக்கு,

புத்தகம் வந்தது. படித்தேன். உங்கள் பெயர் இன்னமும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. என் பெயர் படத்துக்கு அடியில் எறும்பு மாதிரி எழுத்தில். கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. இருந்தாலும் தெரிகிறது. கீரைக்காரியிலிருந்து மகளின் மாமியார் வரை எல்லோருக்கும் காட்டிவிட்டேன்.

இரண்டு பாதியும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டாம். எனக்குத் தூக்கம் வராது. அது வீட்டுக்கு என்று அவர் சொன்னது சொன்னதுதான். சமையலறைக் கதவு இங்கே நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது. அம்மிக்குழவியை வைத்துப் பார்த்தேன், உருண்டு ஓடுகிறது.

கல்லை யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். வழி தெரியாது என்று சொல்ல முடியாது, இந்த வீட்டில்தானே வேலை பார்த்தீர்கள். காபி தருவேன்.

அவருடைய முகாம் கடிதங்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. அவர் உங்களிடம் சொல்லாத நல்ல வார்த்தை ஒன்றுவிடாமல் என்னிடம்தான் இருக்கிறது. உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கையில் தர மாட்டேன்.

அவர் மனைவி